வுல்ஃப் ஹால்: நடிப்பும் பாத்திரங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘வுல்ஃப் ஹால்’ பாருங்கள் என்று நான் நச்சரித்து, பார்த்துவிட்டு வந்தவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. பதில் சொல்வது ஒரு ரசிகன்தான், வரலாற்றுப் பேராசிரியர் அல்ல. கதையின் முடிவு கிட்டத்தட்ட ஐந்நூறு வருடமாக ஊரறிந்தது என்பதால் எதையும் மறைக்கவில்லை.

முதலில், இது என்ன தொடர்?

பிபிசி தொடர். 2015 ஜனவரியில் ஆறு பகுதிகள் வந்தன. மீதிக் கதை ‘தி மிரர் அண்ட் தி லைட்’ என்ற பெயரில் 2024 நவம்பரில் இன்னும் ஆறு பகுதிகளாக வந்தது. ஹிலாரி மேன்டலின் மூன்று நாவல்கள்தான் மூலம். திரைக்கதை பீட்டர் ஸ்ட்ரான், இயக்கம் பீட்டர் கோஸ்மின்ஸ்கி. பன்னிரண்டு பகுதிக்கும் இவர்களேதான்.

கதை 1529-ல் தொடங்குகிறது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கு ஆண் வாரிசு இல்லை. ராணி கேத்தரினை விலக்கிவிட்டு ஆன் போலினை மணக்கத் துடிக்கிறார். போப் இறங்கி வரவில்லை. காரியத்தை முடித்துத் தராத கார்டினல் வூல்சி பதவி இழக்கிறார். வூல்சியிடம் வேலை பார்த்த வக்கீல் தாமஸ் கிராம்வெல், பட்னியில் ஒரு கொல்லனின் மகனாகப் பிறந்தவர், கொஞ்சம் கொஞ்சமாக அரசருக்கு இல்லாமல் முடியாத ஆளாகிறார். 1536-ல் ஆன் போலின் தலை போகிறது. 1540-ல் கிராம்வெல் தலை.

பள்ளிப் பாடத்தில் படித்த கிராம்வெல்லா இவர்?

இல்லை. அவர் ஆலிவர், ஒரு நூற்றாண்டு கழித்து வந்து இன்னொரு ராஜாவின் தலையை வாங்கியவர். தாமஸின் சகோதரி மகன் ரிச்சர்ட் இந்தத் தொடரில் கூடவே வருகிறாரே, அவருடைய வம்சத்தில் வந்தவர்தான் ஆலிவர்.

எல்லாரும் மார்க் ரைலன்ஸை ஆஹா ஓஹோ என்கிறார்கள். அவர் ஒன்றுமே செய்யவில்லையே?

அதிகம் வரும் புகார் இதுதான். முதல் பகுதி பார்த்தவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள்.

அந்த முதல் பகுதியிலேயே ஒரு காட்சி. நார்ஃபோக், சஃபோக் என்ற இரண்டு பெரிய பிரபுக்கள் வூல்சியின் மாளிகைக்குள் புகுந்து அரசு முத்திரையைக் கொடு என்று மிரட்டுகிறார்கள். சத்தம் எல்லாம் அவர்களுடையது. கிராம்வெல் குனிந்து வூல்சியின் காதில் ஒரு சட்ட நுணுக்கத்தைச் சொல்கிறார். பிரபுக்கள் வெறுங்கையோடு திரும்பிப் போகிறார்கள். கதாநாயகனுக்கு அறிமுகக் காட்சி அவ்வளவுதான். குரல்கூடச் சரியாகக் கேட்காது.

கதை முழுக்கக் கிராம்வெல்லின் கண் வழியாகவே போகிறது. அவர் இல்லாத காட்சி என்று தேடினால் கிடைப்பது கஷ்டம். கேமரா அவர் தோளுக்குப் பின்னாலேயே நடந்து போகிறது. அதனால் ரைலன்ஸின் வேலை பெரும்பாலும் மற்றவர் பேசுவதைக் கேட்பது. கேட்பதை நடிப்பது எவ்வளவு கடினம் என்று தெரிய வேண்டுமானால், வேறு எந்தத் தொடரிலாவது வசனம் இல்லாமல் நிற்கிறவரை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். தன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பார். ரைலன்ஸ் காத்திருக்க மாட்டார், கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் எல்லாரும் அவருடைய பிறப்பைச் சொல்லிக் குத்துகிறார்கள். கொல்லன் மகன், கொல்லன் மகன். ஒவ்வொரு முறையும் ரைலன்ஸின் பதில் அரை நொடி தாமதமாக வரும். சில சமயம் சிரிப்போடு, சில சமயம் வெறும் பார்வையோடு. நாலு பகுதி முடிவதற்குள் அந்த அரை நொடியைப் படிக்க நமக்குப் பழகிவிடும். அப்புறம் ஐந்தாம் பகுதியில் அரசரே சபையில் எல்லார் முன்னாலும் கத்துகிறார்: நீ ராஜா, நான் கொல்லன் மகன் என்று நினைத்துக்கொண்டாயா? கிராம்வெல் இரண்டு மணிக்கட்டுகளையும் குறுக்கே வைத்துக்கொண்டு பின்வாங்குகிறார். பட்டறையில் தீக்காயம் பட்டால் செய்யச் சொல்லி அப்பன் கற்றுக்கொடுத்த வழக்கம் அது. வசனம் எதுவும் தேவைப்படவில்லை.

இவர் மேடையில் ஊறியவர் என்பதையும் மறக்கக் கூடாது. லண்டனில் ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கத்துக்கு 1995 முதல் 2005 வரை முதல் கலை இயக்குநராக இருந்தவர். கூரையில்லாத அரங்கில் குரலாலேயே கூட்டத்தைக் கட்டிப்போடத் தெரிந்த மனிதர். அப்படிப்பட்டவர் இங்கே குரலை மூட்டை கட்டி வைத்துவிட்டார் என்பதுதான் விஷயம். இந்த வேடத்துக்கு 2016-ல் பிரிட்டனின் பாஃப்டா விருது கொடுத்தார்கள்.

படம் ஏன் இவ்வளவு இருட்டு? என் டிவியில் கோளாறா?

டிவி நன்றாகத்தான் இருக்கிறது. இரவுக் காட்சிகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுத்தார்கள். 2015-ல் ஒளிபரப்பானபோதே ஒன்றும் தெரியவில்லை என்று புலம்பியவர்கள் நிறைய. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாதி முகம் மட்டும் தெரிகிற அரண்மனையில் யார் யாரை நம்பலாம் என்ற பயம் தானாக வந்துவிடும். கைப்பேசியில் பேருந்தில் உட்கார்ந்து பார்க்கிற சரக்கு இல்லை இது.

டேமியன் லூயிஸ் ஹென்றி மாதிரியே இல்லையே? ஹென்றி பெருத்த உடம்புக்காரர் அல்லவா?

நம் மனதில் இருக்கும் ஹென்றி, அரசவை ஓவியர் ஹோல்பைன் 1537 வாக்கில் வரைந்தவர்: கால்களை அகட்டி, இடுப்பில் கை வைத்து, சதுரமாக நிற்பவர். கதை தொடங்கும்போது ஹென்றிக்கு 38 வயது. உயரமானவர், குதிரையேற்றத்தில் பித்து, பாட்டும் எழுதுவார். 1536 ஜனவரியில் ஈட்டிப் போட்டியில் குதிரையோடு விழுந்த பிறகுதான் உடம்பு வேகமாகக் கெட்டது. ஆகவே லூயிஸின் மெலிந்த ஹென்றி வரலாற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்.

தோற்றத்தை விடுங்கள். லூயிஸ் செய்திருக்கும் நல்ல காரியம், ஹென்றியைக் கொடுங்கோலனாக நடிக்காததுதான். தான் நல்லவன், நியாயஸ்தன், மனசாட்சிக்குப் பயந்தவன் என்று உண்மையாகவே நம்புகிற ஒருவராக நடிக்கிறார். கேத்தரினை விலக்கும்போதும் மனசாட்சி, ஆனைக் கொல்லும்போதும் மனசாட்சி. கண்ணீர்கூட நிஜக் கண்ணீர். சட்டென்று கோபம் வந்து, வந்த வேகத்தில் போய்விடும். போன பிறகு சிறுபிள்ளை போலப் பக்கத்தில் வந்து சாய்ந்துகொள்வார். எனக்கு அவர் கத்தும்போது பயமில்லை. தோளில் கை போட்டுக்கொண்டு தோட்டத்தில் நடக்கிறாரே, அப்போதுதான் வயிற்றைப் பிசையும்.

முதல் பகுதியில் இருவரும் முகத்துக்கு முகம் பேசும் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பிரான்சோடு போர் வேண்டாம் என்று நாடாளுமன்றத்தில் நீ பேசினாயாமே என்று அரசர் குத்துகிறார். நோயாளிப் பெண் மாதிரி நான் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க வேண்டுமா? கஜானாவுக்கு அது ரொம்ப நல்லது என்கிறார் கிராம்வெல். லூயிஸ் முகத்தில் அடிக்கலாமா சிரிக்கலாமா என்ற ஒரு தடுமாற்றம், பிறகு சிரிப்பு. கிராம்வெல்லின் பத்து வருட வாழ்வும் கடைசியில் சாவும் அந்தத் தடுமாற்றம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்தது.

ஆன் போலினை வில்லியாக்கிவிட்டார்களே?

பாதி உண்மை. நாம் கிராம்வெல்லின் கண்ணால் பார்க்கிறோம். அவருக்கு ஆன் முதலில் வாடிக்கையாளர், பிறகு கூட்டாளி, பிறகு தடை. கிளேர் ஃபாய் அந்த வரையறைக்குள் நடித்தும், அதைத் தாண்டிப் போய்விட்டார். அவருடைய ஆன் எப்போதும் விரைப்பாக இருக்கிறார். கழுத்து நிமிர்ந்து, சொல் வெட்டென்று விழுந்து, பிரெஞ்சுச் சாயலில் கிராம்வெல்லின் பெயரையே வேறு மாதிரி உச்சரித்துக்கொண்டு. திமிர் என்று முதலில் தோன்றும். ஆனால் அவரிடம் இருப்பது அரசரின் ஆசை ஒன்றுதான். ஆண் பிள்ளை பிறக்காத ஒவ்வொரு மாதமும் அது கரைகிறது. அந்தக் கணக்கு தெரிந்த பெண்ணின் விரைப்பு அது.

கடைசிப் பகுதியில் அவரைக் கோபுரச் சிறைக்குக் கொண்டுபோகிறார்கள். பாதாள அறையா என்று கேட்கிறார். இல்லை அம்மணி, முடிசூட்டு விழாவின்போது நீங்கள் தங்கிய அதே அறைகள்தான் என்று பதில் வருகிறது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பீறிடுகின்றன. இது கற்பனை இல்லை. சிறைக் காவல் அதிகாரி கிங்ஸ்டன் அப்போதே கடிதத்தில் எழுதி வைத்தது. அதுவரை நிமிர்ந்திருந்த கழுத்து அங்கேதான் முதல்முறை தளர்கிறது. ஃபாய் இந்த ஒரு கணத்துக்காகவே ஆறு பகுதியும் சேமித்து வைத்திருக்கிறார் என்று எனக்கு ஒரு எண்ணம்.

(அடுத்த வருடமே ‘தி கிரவுன்’ தொடரில் இரண்டாம் எலிசபெத்தாக வந்தார். இங்கே முதலாம் எலிசபெத்தின் அம்மா.)

தாமஸ் மோர் ஒரு புனிதர். அவரை இப்படிக் காட்டலாமா?

இதற்குச் சண்டையே நடந்தது. 2015-ல் இங்கிலாந்தின் கத்தோலிக்க ஆயர்கள் சிலர் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். மோரை 1935-ல் புனிதராக அறிவித்தது அவர்களுடைய திருச்சபை, கோபம் புரிகிறது. அதற்கு முன் திரையிலும் மேடையிலும் மக்கள் பார்த்துப் பழகிய மோர், கொள்கைக்காக உயிரைக் கொடுத்த சான்றோர். அந்தக் கதைகளில் கிராம்வெல்தான் சதிகாரன். இங்கே தராசைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

ஆண்டன் லெஸர் நடித்த மோர் புத்திசாலி, நகைச்சுவைக்காரர், சவரம் செய்யாத தாடை, மனைவியையே விருந்தாளிகள் முன் கிண்டலடிப்பவர். மதக் கருத்துக்காக ஜேம்ஸ் பெய்ன்ஹாம் என்ற வக்கீல் 1532-ல் உயிரோடு எரிக்கப்பட்டதும் கதையில் வருகிறது. மோர் ஹென்றியின் சான்சலராக, அதாவது மூத்த அமைச்சராக இருந்த காலத்தில் ‘மதத் துரோகிகள்’ எரிக்கப்பட்டது பதிவான உண்மை. அதை அவர் சரி என்று எழுதியும் இருக்கிறார். ஆனால் கிராம்வெல்லின் கையில் இருந்த ரத்தத்தையும் இதே கண்டிப்போடு முதல் நான்கு பகுதிகளில் காட்டினார்களா என்றால், இல்லை. அந்த இடத்தில் விமரிசகர்கள் பக்கம்தான் நான்.

நடிப்பு என்று வந்தால் நான்காம் பகுதியில் இவர்கள் இருவரும் சிறையில் பேசுவதற்கு ஈடு தொடரில் வேறு இல்லை. மோரைக் காப்பாற்றத்தான் கிராம்வெல் பார்க்கிறார். அரசர் கேட்கும் உறுதிமொழியில் ஒரு கையெழுத்து போதும். மோர் மாட்டேன் என்கிறார். சிறுவனாக இருந்தபோது அறிவாளி இளைஞன் மோரை அண்ணாந்து பார்த்த ஞாபகம் கிராம்வெல்லுக்கு இருக்கிறது. மோருக்கு அப்படி ஒரு பையனே நினைவில் இல்லை. அது தெரியும்போது ரைலன்ஸ் முகம் போகிற போக்கைப் பாருங்கள். ஹோல்பைன் வரைந்த இவர்கள் இருவர் படங்களும் நியூயார்க் ஃப்ரிக் அருங்காட்சியகத்தில் ஒரே கணப்படுப்புக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக மாட்டியிருக்கின்றன. யாரோ குசும்புக்காரர் செய்த வேலை.

சின்ன வேடங்களில் யாரைக் கவனிக்க வேண்டும்?

ஜோனதன் பிரைஸின் வூல்சியைச் சின்ன வேடம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். செத்த பிறகும் போகாத மனிதர். கிராம்வெல்லிடம் அன்பாகப் பேசிய ஒரே மேலதிகாரி என்பதால், அவர் இல்லாத இடமெல்லாம் வெறிச்சென்று இருக்கிறது.

ஜேன் ரோச்ஃபர்டாக ஜெஸிகா ரெய்ன். ஆனின் அண்ணி, புருஷன் மேல் வெறுப்பு, வதந்தியில் சுகம். மூலையில் நின்று கண்ணால் ஆட்களை மேய்கிறார். நார்ஃபோக்காக வந்த பெர்னார்ட் ஹில் கொச்சையும் முரடும். அரசரின் செயலர் கார்டினராக மார்க் காட்டிஸ் வாயைத் திறந்தாலே விஷம். ‘ஷெர்லாக்’கில் அண்ணனாக வந்தவர்தான். ஜேன் சீமோராக கேட் ஃபிலிப்ஸ் குனிந்த தலை நிமிராமல் வந்து, தலை நிமிராமலே ராணியாகிறார். இளவரசி மேரியாக வரும் லிலிட் லெஸர், மோராக நடித்த ஆண்டன் லெஸரின் பிள்ளை. கிராம்வெல் மகன் கிரகரி யார் என்று உற்றுப் பார்த்தால், ஸ்பைடர்மேன் ஆவதற்கு முந்தைய டாம் ஹாலண்ட்.

யார் யார் என்றே குழப்பமாக இருக்கிறது.

இருக்கத்தான் செய்யும். தாமஸ் கிராம்வெல், தாமஸ் மோர், தாமஸ் வூல்சி, தாமஸ் கிரான்மர், தாமஸ் போலின், தாமஸ் வயட், தாமஸ் ரியோத்ஸ்லி. நார்ஃபோக் பிரபுவின் பெயரும் தாமஸ்தான். உடையை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்பு வூல்சி, கறுப்பு கிராம்வெல். மற்றவர்கள் இரண்டாம் பகுதிக்குள் பழகிவிடுவார்கள்.

சரி, கிராம்வெல் நல்லவரா கெட்டவரா?

என்னைக் கேட்டால் தொடரே இந்தக் கேள்வியை நமக்கு எதிராகத் திருப்புவதற்காக எடுத்ததுதான். ரைலன்ஸ் அதிகம் காட்டாததால் மிச்சத்தை நாமே நிரப்புகிறோம். எதை வைத்து நிரப்புகிறோம்? மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் வேர்வைக் காய்ச்சலில் இழந்தவர். அப்பனிடம் உதைபட்டவர். வேலைக்காரர்களிடம் பிரியமாக இருப்பவர். எஜமானன் வீழ்ந்தபோதும் கைவிடாதவர். எனவே அவர் மௌனத்துக்குள் நல்ல மனது இருக்கிறது என்று நாமே எழுதிக்கொள்கிறோம். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

வூல்சி செத்த பிறகு அரண்மனையில் ஒரு கேலி நாடகம் போடுகிறார்கள். கார்டினலை நான்கு பிசாசுகள் கைகாலைப் பிடித்து நரகத்துக்கு இழுத்துப் போகின்றன. முகமூடியைக் கழற்றும்போது கிராம்வெல் இருட்டில் நின்று முகங்களைப் பார்த்து வைத்துக்கொள்கிறார்: ஜார்ஜ் போலின், நாரிஸ், வெஸ்டன், பிரெரிட்டன். (அப்படி ஒரு நாடகம் நடந்தது பதிவில் உண்டு. முகமூடிக்குள் இவர்கள் இருந்தது நாவலாசிரியரின் கற்பனை.) ஐந்தாறு வருடம் கழித்து, ராணியோடு கள்ளத்தொடர்பு என்று குற்றம் சாட்ட ஆட்கள் வேண்டும். அதே நால்வர். கூடவே வாயாடி இசைக்கலைஞன் மார்க் ஸ்மீட்டன். ஐந்து பேருக்கும் 1536 மே 17 அன்று தலை போனது. உங்களிடம் குற்றம் இருக்கிறது, வழக்கில் எழுதியிருப்பது அது இல்லை என்கிற தொனியில் கிராம்வெல் விசாரிக்கிறார்.

இதில் ரைலன்ஸ் எதையும் மாற்றவில்லை என்பதுதான் வித்தை. அதே தாழ்ந்த குரல், அதே அரை நொடி, அதே மரியாதை. ஐந்து பகுதியாக நமக்கு இதமாக இருந்த முகம் அப்படியே இருக்கிறது; எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் உயிர் போகிறது. ஆனின் தலை விழுந்த பிறகு அவர் அரசரிடம் போகிறார். ஹென்றி சிரித்த முகத்தோடு கைகளை விரித்து அணைத்துக்கொள்கிறார். அரசரின் தோளுக்கு மேலே தெரியும் கண்களில் வெற்றி இல்லை. முதல் ஆறு பகுதி அங்கே முடிகிறது.

ஒன்பது வருடம் கழித்து வந்த இரண்டாம் பாகம் அந்த அளவுக்கு இருக்கிறதா?

கதை விட்ட நொடியிலிருந்தே தொடர்கிறது, நடிகர்களுக்கு மட்டும் ஒன்பது வயது கூடியிருக்கிறது. ரைலன்ஸ் அறுபதைத் தாண்டியிருந்தார். கிராம்வெல்லுக்கு அப்போது ஐம்பது சொச்சம். எனக்கு அது உதவியாகவே பட்டது. களைத்துப்போன மனிதர், ஏறின இடத்திலிருந்து இறங்க வழி தெரியாதவர்.

ஆட்கள் மாறியிருக்கிறார்கள். நார்ஃபோக்காக டிமதி ஸ்பால் வந்தார். பெர்னார்ட் ஹில் 2024 மே மாதம் காலமானார். ஸ்பாலின் நார்ஃபோக்கில் முரட்டுத்தனத்தைவிட நஞ்சு அதிகம், பழகச் சற்று நேரம் பிடித்தது. கிரகரியாக சார்லி ரோ. ரியோத்ஸ்லியாக ஹாரி மெல்லிங், ஹாரி பாட்டரில் டட்லியாக வந்தவர். குருவிடம் குழைந்துகொண்டே குழி தோண்டுகிற சீடனை அருமையாகச் செய்திருக்கிறார்.

இந்தப் பாகத்தின் இரண்டாம் பகுதியில் வூல்சியின் மகள் டோரதியா கன்னி மடத்தில் இருக்கிறாள். உதவி செய்யப் போன கிராம்வெல்லிடம், என் அப்பாவுக்குத் துரோகம் செய்தவன் நீ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். விசுவாசம் ஒன்றைத்தான் அவர் தன்னைப் பற்றி நம்பிக்கொண்டிருந்தார். ரைலன்ஸ் உடைந்து அழுகிறார். எட்டுப் பகுதியாக மூடி வைத்த முகம் உடையும்போது பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. அதற்குப் பிறகு வெகுநாள் வூல்சியின் ஆவியும் துணைக்கு வருவதில்லை.

நடுவில் தொய்வு உண்டு. மாப்பிள்ளை பார்க்கிற, பெண் பார்க்கிற அரசியல் பேச்சு கொஞ்சம் நீளம். கடைசி இரண்டு பகுதியில் கயிறு மறுபடி இறுகிவிடும்.

குறையே இல்லையா?

எல்லாருக்கும் பல் பளிச்சென்று இருக்கிறது. அந்தக் கால ஆண்கள் காற்சட்டைக்கு முன்னால் பெருமையாகக் கட்டிக்கொண்ட உறையைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்று பத்திரிகைகளில் ஒரு பெரிய விவாதமே நடந்தது. எனக்கு அதில் கருத்தில்லை. உண்மையான குறை, மடங்களைக் கலைத்ததையும் அதனால் வடக்கே வெடித்த கலகத்தையும் பெரும்பாலும் அறைக்குள் பேச்சாகவே முடித்துவிட்டது. கிராம்வெல் கையெழுத்தால் வீடிழந்த துறவிகளின் முகம் நமக்குத் தெரிவதே இல்லை. அது தெரிந்திருந்தால் ரைலன்ஸின் அந்த இதமான முகத்தை இன்னும் முன்னாலேயே சந்தேகப்பட்டிருப்போம்.

நாவல் படித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டுமா?

தேவையில்லை. பார்த்துவிட்டுப் படித்தால் கிராம்வெல் பேசும்போதெல்லாம் ரைலன்ஸ் குரல் காதில் விழும். அதிலிருந்து தப்பிக்க விரும்பினால் மட்டும் முதலில் படியுங்கள்.

மூன்றாம் பாகம் வருமா?

கிராம்வெல்லை 1540 ஜூலை 28-ல் வெட்டிவிட்டார்கள். ஹென்றி அதே நாளில் கேத்தரின் ஹோவர்டைக் கல்யாணம் செய்துகொண்டார். அவள் நார்ஃபோக்கின் தம்பி மகள். மேன்டலும் 2022-ல் காலமாகிவிட்டார். வராது.